நிதியும் கணக்கும்: நம் குழுக்கள் நடந்து வந்த வழி



மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி செயற்குழுவில் கேட்டார்கள். கூட்டமைப்பு வாங்கிய கடன், நடத்திய பயிற்சி, பெற்ற பாராட்டு எல்லாம் ஆண்டறிக்கையில் வந்துவிட்டது. அதையே திரும்ப எழுதுவதைவிட, நம்ம கூட்டத்தில் அடிக்கடி எழுகிற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடலாம் என்று தோன்றியது.

முதல் கேள்வி: "காசு கொடுக்கிறவங்க கொடுக்கிறாங்க, வாங்குறவங்க வாங்குறோம். இதுக்கு எதுக்குக்கா இத்தனை நோட்டு, இத்தனை கையெழுத்து?"

இரண்டாவது கேள்வி: "நம்ம ஊரைச் சுத்தி அனல் மின் நிலையம், துறைமுகம், இத்தனை கம்பெனி இருக்கு. நாம ஏன் போய் நிதி கேட்கக் கூடாது?"

இரண்டும் வேறு வேறு கேள்வி மாதிரி தெரியும். ஆனால் நம்மைப் போன்ற சங்கங்களின் வரலாற்றைப் புரட்டினால், இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்த வரலாறு தர்மபுரியில் ஆரம்பித்தது என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதற்கு முன்பும் கதை இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலேயே நடந்தது.

திரூரில் 1904

நம் பாட்டிமார் சோறு வடிக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைப்பார்கள். தெருவில் பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் போடுவார்கள். சேமிப்பு நமக்கு யாரும் வந்து கற்றுக் கொடுத்தது இல்லை. ஆனால் அவசரத்துக்கு ஒரு பெரிய தொகை வேண்டும் என்றால் வட்டிக்காரரிடம்தான் போக வேண்டும். விவசாயிக்கும் அதே கதிதான்.

இதற்கு வழி தேடச் சொல்லி அன்றைய சென்னை மாகாண அரசு ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. பிற்காலத்தில் சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை உருவாக வழி செய்தவரும் இவரே. வெளிநாடுகளில் ஏழைகளுக்கான கடன் சங்கங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய்ந்து 1895-லும் 1897-லும் இரண்டு பாகமாக அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் செய்ததைப் போல இங்கேயும் செய்ய வேண்டும் என்பதே அவர் சொன்னதின் சாரம்.

அந்த ரைஃபைசன் கதையை நாம் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் ஒரு சிறிய ஊரின் தலைவர். 1846-47 குளிர்காலத்தில் அங்கே விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வந்தது. வசதியானவர்களிடம் பணம் திரட்டி மாவு வாங்கி, ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்க ஏற்பாடு செய்தார். அடுத்தடுத்த ஊர்களிலும் இதே மாதிரி பணக்காரர் தரும் பணத்தை வைத்து உதவிச் சங்கங்கள் நடத்தினார். நல்ல காரியம்தான். ஆனால் கொடுக்கிறவர்களுக்கு ஆர்வம் இருக்கும் வரைதான் சங்கம் நடந்தது. பத்துப் பதினைந்து வருட அனுபவத்துக்குப் பிறகு அவர் முறையை மாற்றினார். 1864-ல் ஹெடஸ்டார்ஃப் என்ற ஊரில், கடன் வாங்குகிறவர்களே உறுப்பினராக, உரிமையாளராக இருக்கும் கடன் சங்கத்தை ஏற்படுத்தினார். ஒருவரை ஒருவர் தெரிந்த சிறிய வட்டாரம், ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. சம்பளம் கணக்கு எழுதுகிறவருக்கு மட்டும்.

இந்தக் கடைசி விஷயத்தை எங்கள் கணக்காளர் தங்கச்சிகளுக்காகவே எழுதுகிறேன்! நூற்று அறுபது வருடத்துக்கு முன்னாலேயே, தலைவர் பதவி சேவை, கணக்கு எழுதுவது வேலை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

1904-ல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருடம் நம்ம திருவள்ளூருக்குப் பக்கத்தில் இருக்கும் திரூரில் கிராமக் கடன் சங்கம் பதிவானது. நாட்டிலேயே இந்தச் சட்டத்தின் கீழ் பதிவான முதல் சங்கங்களில் அது ஒன்று. அப்போது திரூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல்தான்.

ஆனால் அந்தச் சங்கங்களில் நாம் இல்லை. நிலம் வைத்திருந்த ஆண்கள்தான் உறுப்பினர்கள். நிலம் இல்லாதவர்களுக்கும், கூடை சுமக்கிற பெண்களுக்கும் கதவு திறக்க இன்னும் எழுபது வருடம் ஆனது.

கையெழுத்துக் கற்றுக்கொண்ட பெண்கள்

குஜராத்தில் அகமதாபாத் நகரத்தில் இலா பட் என்ற அம்மையார் 1972-ல் சேவா என்ற தொழிற்சங்கத்தைத் தொடங்கினார். காய்கறி விற்கிறவர்கள், பழைய துணி விற்கிறவர்கள், தலைச்சுமை தூக்குகிறவர்கள்தான் உறுப்பினர்கள். வங்கியில் இவர்களை மதிக்கவில்லை. சரி, நாமே ஒரு வங்கி வைப்போம் என்று 1974-ல் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டார்கள். பதிவு செய்யப் போன இடத்தில், கையெழுத்துப் போடத் தெரியாதவர்களை வைத்து எப்படி வங்கி நடத்துவீர்கள் என்ற தடை வந்தது. அந்தப் பெண்கள் உட்கார்ந்து தங்கள் பேரை எழுதிப் பழகிக் கையெழுத்துப் போட்டார்கள். பாஸ்புக்கில் புகைப்படம் ஒட்டும் வழியையும் கண்டுபிடித்தார்கள்.

நம்ம சென்னையில் 1978-ல் ஜெயா அருணாசலம் அம்மையார் உழைக்கும் மகளிர் சங்கத்தை ஆரம்பித்தார். அவர் கட்சி அரசியலில் இருந்தவர். அதை விட்டு வெளியே வந்து, பூ விற்கிற, காய் விற்கிற, இட்லி சுட்டு விற்கிற பெண்களைத் திரட்டினார். அவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது, அவர்கள் கேட்டது இலவசம் இல்லை. கந்து வட்டி இல்லாத கடன். முதலில் அரசுடைமை வங்கிகளில் பேசிக் கடன் வாங்கிக் கொடுத்தார்கள். அதில் அலைச்சல் அதிகம். அதனால் 1981-ல் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் வைத்துக்கொண்டார்கள். பின்னால் கடற்கரை ஊர்களில் மீன் விற்கும் பெண்களும் அதில் சேர்ந்தார்கள்.

சேவாவும் சரி, உழைக்கும் மகளிர் சங்கமும் சரி, பிறகு வெளியிலிருந்து நிதி வாங்கியிருக்கின்றன. அது தப்பு இல்லை. ஆனால் வெளி நிதி வருவதற்கு முன்னாலேயே உறுப்பினர் யார், பங்கு எவ்வளவு, யார் எவ்வளவு கடன் என்று சொல்ல அவர்களிடம் ஒரு புத்தகம் இருந்தது.

ஒரு பெரிய சங்கம் உடைந்தபோது

அடுத்து நடந்தது பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில். மைராடா என்ற தொண்டு நிறுவனம் கிராமங்களில் பெரிய கூட்டுறவு சங்கங்கள் மூலமாகக் கடன் கொடுத்து வந்தது. 1984-85 வாக்கில் அந்தச் சங்கங்கள் உடைய ஆரம்பித்தன. காரணம் பணம் இல்லாமை இல்லை. நிர்வாகம் சரியில்லை, தலைவர்கள் மேல் உறுப்பினர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது.

உடைந்த சங்கத்து உறுப்பினர்கள் பத்துப் பேர், பதினைந்து பேர் என்று சின்னச் சின்ன கூட்டமாக வந்தார்கள். "கடனைக் கட்ட நாங்க தயார். ஆனா சங்கத்துல கட்ட மாட்டோம்" என்பதுதான் அவர்கள் நிலை. அப்படியானால் அந்தப் பணத்தை உங்களுக்குள்ளேயே சுற்றுக்கு விட்டு நடத்துங்கள் என்று மைராடா சொன்னது. இன்று நாம் சுய உதவிக் குழு என்று சொல்வதற்கு அதுதான் ஒரு முக்கியமான வேர். 1987-ல் நபார்டு வங்கி இந்த முறையைச் சோதித்துப் பார்க்க மைராடாவுக்கு 10 லட்சம் ரூபாய் நிதி கொடுத்தது.

நாம் நினைத்துக்கொண்டிருப்பது, நிதி இல்லாவிட்டால் சங்கம் படுத்துவிடும் என்று. இங்கே நிதி இருந்தும் சங்கம் படுத்தது. நம்பிக்கை இருந்த இடத்தில் புதிய குழு முளைத்தது. அதைப் பார்த்துத்தான் அடுத்த நிதி தேடி வந்தது.

தர்மபுரியிலிருந்து நம்ம ஊர் வரை

நம்ம தமிழ்நாட்டு அரசு 1983-ல் மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தை ஏற்படுத்தியது. 1989-ல் ஐ.நா.வைச் சேர்ந்த பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் பெண்களுக்கான குழுக்கள் தொடங்கப்பட்டன. அப்போது இன்றைய கிருஷ்ணகிரியும் தர்மபுரிக்குள்தான் இருந்தது. வானம் பார்த்த பூமி. தொண்டு நிறுவனங்கள் குழு அமைத்தன, இந்தியன் வங்கி கடன் கொடுத்தது, மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தியது. பிறகு சேலம், தென்னாற்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று விரிந்தது.

1992-ல் நபார்டு நாடு முழுக்க 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனையை ஆரம்பித்தது. அதில் இரண்டு புதுமை. ஒன்று, பதிவு செய்யாத குழுவுக்கும், அடமானம் இல்லாமல் வங்கி கடன் தரலாம். இரண்டு, கடன் தொகை குழுவின் சேமிப்பைப் பொறுத்தது. சேமிப்பைப் போல ஒரு மடங்கு முதல் நான்கு மடங்கு வரை. அடமானத்துக்கு வீட்டுப் பத்திரமோ நகையோ கேட்கவில்லை. கேட்டது தீர்மான நோட்டையும் சேமிப்புப் பதிவேட்டையும். நம்ம நோட்டுதான் நம்ம பத்திரம் என்று ஆனது அப்போதுதான். 500-ல் ஆரம்பித்தது இன்று நாடு முழுக்க ஒரு கோடிக் குழுக்களைத் தாண்டிவிட்டது.

1997-98-ல் மாநில அரசு தன் சொந்த நிதியில் மகளிர் திட்டத்தைத் தொடங்கி எல்லா மாவட்டத்துக்கும் கொண்டுபோனது. 12 முதல் 20 பேர் வரை ஒரு குழு, ஊக்குநர், பிரதிநிதி, ஆறு மாதம் கழித்துத் தர மதிப்பீடு, அதற்குப் பிறகு சுழல் நிதி என்ற ஒழுங்கு நம் எல்லோருக்கும் மனப்பாடம்.

இதே காலத்தில் மதுரைப் பக்கம் களஞ்சியம் குழுக்கள் வளர்ந்தன. அதில் தலைவியாக வந்த சின்னப்பிள்ளை அம்மாவை எல்லோருக்கும் தெரியும். வயல் வேலை செய்த பெண். 2001-ல் டெல்லியில் அவருக்கு ஸ்திரீ சக்தி விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய், மேடையிலேயே குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ வந்தது. பள்ளிப் படிப்பு இல்லை என்றால் நிர்வாகம் பண்ண முடியாது என்று நம்மில் யாராவது பயந்தால் அவரை நினைத்துக்கொள்ளலாம். எழுதுவது ஒருவர் செய்யலாம். அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, "இது சரியா?" என்று கேள்வி கேட்க எழுத்துத் தேவை இல்லை.

மானியத்துக்காகக் கூடியவர்கள்

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு, நடந்த தவறையும் சொல்ல வேண்டும்.

1982-83-ல் மத்திய அரசு கிராமப்புறப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்தால் குழுவுக்கு 15,000 ரூபாய் சுழல் நிதி. 1999 ஏப்ரலில் அதற்குப் பதிலாகப் பொன்விழா கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டம் வந்தது. அதில் குழுவின் தொழிலுக்கு ஆகும் செலவில் பாதி, 1,25,000 ரூபாய் வரை மானியம். இரண்டு திட்டத்திலும் நன்மை அடைந்தவர்கள் உண்டு. ஆனால் பல இடங்களில் மானியம் வருகிறது என்றதும் அவசரமாகப் பேர் சேர்த்தார்கள். பணம் வந்ததும் பங்கு பிரித்துக்கொண்டு கலைந்தார்கள். மாடு வாங்கியதாகக் கணக்கு இருக்கும், கொட்டகையில் மாடு இருக்காது.

இந்தக் குறையைப் பார்த்துத்தான் 2011-ல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வந்தபோது அந்த மாதிரி மானியத்தைக் கைவிட்டார்கள். குழுவுக்குச் சுழல் நிதி, கூட்டமைப்பு வழியாகச் சமுதாய முதலீட்டு நிதி, வங்கிக் கடனுக்கு வட்டிச் சலுகை என்று மாற்றினார்கள். அதற்கும் தகுதியாக வைத்தது ஐந்து சூத்திரம்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், ஒழுங்கான திருப்பிச் செலுத்துதல், முறையான கணக்கு. பயிற்சியில் கைவிரலை மடக்கி மடக்கிச் சொல்ல வைப்பார்களே, அதேதான். அந்த ஐந்தும் யாரோ ஆபீசில் உட்கார்ந்து யோசித்தது இல்லை. முந்தின முப்பது வருடத்தில் எந்தக் குழுக்கள் நின்றன, எவை விழுந்தன என்று பார்த்து எழுதியது.

இன்னொரு பாடமும் நம் மாநிலத்திலேயே நடந்தது. 2005-ல் உலக வங்கி உதவியோடு வாழ்ந்து காட்டுவோம் திட்டம் வந்தது. இடையில் புது வாழ்வு என்று பேர் மாறியது. அதில் ஏழைகள் யார் என்று அதிகாரி முடிவு பண்ணவில்லை. ஊர் மக்களே உட்கார்ந்து மக்கள் நிலை ஆய்வு நடத்திப் பட்டியல் போட்டு, கிராம சபையில் ஒப்புதல் வாங்கினார்கள். பணத்தைச் செலவு பண்ண ஒரு குழு, அதைத் தட்டிக்கேட்கத் தனியாக ஒரு சமூகத் தணிக்கைக் குழு. பணமும் ஒரே தடவையில் வரவில்லை. ஒரு கட்ட வேலை முடிந்த பிறகுதான் அடுத்த தவணை.

செலவு பண்ணுகிறவரும் சரிபார்க்கிறவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்ற எளிய விஷயம்தான் இது. நம்ம வீட்டிலேயே மளிகைக் கணக்கை இன்னொருவர் கூட்டிப் பார்த்தால் நமக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஆனால் அது நம்மைச் சந்தேகப்படுவது இல்லை. நாளைக்கு யாராவது பழி சொன்னால் நம்மைக் காப்பாற்றுவதும் அந்த இரண்டாவது கையெழுத்துதான்.

அத்திப்பட்டுக்கு வருவோம்

நம்ம பக்கத்தில் 1990-களில் வடசென்னை அனல் மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. 2001-ல் எண்ணூர் துறைமுகம் திறந்தது. 2014-ல் அது காமராஜர் துறைமுகம் ஆனது. வல்லூர் அனல் மின் நிலையம், காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று அடுத்தடுத்து வந்தன. வயலும் உப்பளமும் கழிமுகமுமாக இருந்த பகுதி. சிலருக்கு வேலை கிடைத்தது. சிலருக்குப் பழைய பிழைப்பு போனது. நிலக்கரித் தூசும் சாம்பலும் எல்லோருக்கும் கிடைத்தது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்ததை நாம் மறக்க முடியாது.

அந்த மாதிரி நேரத்தில் நிவாரணப் பட்டியல் எழுதுவார்கள். படகு வைத்திருப்பவருக்குப் பதிவு இருக்கிறது. மீன் கூடை சுமந்து விற்கிற பெண்ணுக்கு, கருவாடு காயவைக்கிற பெண்ணுக்கு என்ன பதிவு இருக்கிறது? அவள் இந்தத் தொழில்தான் பண்ணினாள் என்று சொல்ல குழுவின் கடன் பதிவேட்டில் "மீன் வியாபாரத்துக்கு" என்று எழுதிய ஒரு வரி இருந்தால் அது பேசும். "சொந்தச் செலவு" என்று பொதுவாக எழுதிவைத்தால் பேசாது. நோட்டு எதற்கு என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

இனி கம்பெனி நிதிக்கு வருகிறேன். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது ஆண்டு வருமானம் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் உள்ள கம்பெனி, முந்தின மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்குகிற பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே நாம் போய்க் கேட்பது பிச்சை இல்லை. யாருடைய தயவும் இல்லை. கேட்பதற்கு நமக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் யார் கையில் அந்தப் பணத்தைக் கொடுக்கலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. பதிவு பெற்ற சங்கமாகவோ, அறக்கட்டளையாகவோ, லாப நோக்கமற்ற கம்பெனியாகவோ இருக்க வேண்டும். வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு வேண்டும். மூன்று வருடம் இதே மாதிரி வேலை செய்த அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரல் முதல், மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்-1 படிவம் மூலம் பதிவெண்ணும் வாங்கியிருக்க வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் நேரடியாக நம் கைக்குப் பணம் வராது. நமக்காக வேறு யாரோ வாங்குவார்கள். வெளிநாட்டுப் பணம் என்றால் விதி இன்னும் கடுமை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை ஓர் அமைப்பு வாங்கி இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது.

நமக்காக வேறு யாரோ வாங்கினால் என்ன ஆகும்? என் அனுபவம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். சில வருடத்துக்கு முன் ஓர் அமைப்பைச் சேர்ந்தவர்கள் எங்கள் குழுவுக்கு வந்தார்கள். தையல் மெஷின் தருவதாகச் சொன்னார்கள். 14 பேரிடமும் ஆதார் நகல், போட்டோ, ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்தை வீடு வீடாகப் போய் வாங்கிக் கொடுத்தது நான்தான். தாளின் மேல்பக்கம் எழுதாமல் காலியாக இருந்தது. "அப்புறம் டைப் பண்ணிக்குவோம்மா" என்றார்கள். விழா நடந்தது, சால்வை போட்டார்கள், 4 மெஷின் வந்தது. மீதி எப்போது என்று கேட்டால் பதில் இல்லை. நாம் வாங்கியதாக அந்தத் தாளில் எத்தனை எழுதினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. எங்களிடம் நகல் இல்லை. தீர்மான நோட்டில் அன்றைக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நல்லது வருகிறபோது நோட்டு எதற்கு என்று நானேதான் நினைத்தேன்.

கட்டுரை ஆரம்பத்தில் எழுதிய அந்த முதல் கேள்வியை ஒரு காலத்தில் கேட்டவள் நான். அதனால் அதைக் கேட்கிற யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

கேட்கப் போகும் முன்

இந்த வரலாற்றையும் அந்த அனுபவத்தையும் சேர்த்து, நம் கூட்டமைப்பு நிதி கேட்டுப் போகும் முன் செய்ய வேண்டியது என்று எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன். பொதுக்குழுவில் பேசி நீக்கலாம், சேர்க்கலாம்.

1. தேவையை நாமே முடிவு செய்ய வேண்டும். தருகிறவரிடம் என்ன இருக்கிறதோ அதை வாங்கி வைக்கக் கூடாது. எந்தத் தெருவில் எத்தனை பேருக்கு எது தேவை என்று குழுக்களில் கேட்டு எழுதிய பட்டியல் முதலில் வேண்டும்.

2. பதிவு உயிரோடு இருக்க வேண்டும். சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்தால் மட்டும் போதாது. வருடா வருடம் பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, நிர்வாகிகள் பட்டியல் எல்லாம் மாவட்டப் பதிவாளருக்குப் போக வேண்டும். இரண்டு மூன்று வருடம் விட்டுவிட்டு, நிதி வரும்போது ஓடினால் அபராதமும் அலைச்சலும்தான்.

3. பொறுப்பு சுற்றி வர வேண்டும். விதியில் எழுதிய காலம் முடிந்ததும் தலைவர், செயலாளர், பொருளாளர் மாற வேண்டும். "அவங்களை விட்டா யாருக்கும் தெரியாது" என்று சொல்வது பாராட்டு மாதிரி இருக்கும். உண்மையில் அது ஆபத்து. மற்றவர்களுக்குக் கற்றுத்தராதது நம்ம எல்லோருடைய தவறு.

4. சொந்தக்காரர் விஷயத்தில் எழுந்து வெளியே போக வேண்டும். தலைவரின் தம்பி கடையில் பொருள் வாங்குவதா என்று பேசும்போது தலைவர் அந்த முடிவில் இருக்கக் கூடாது. மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கி, மூன்றையும் கோப்பில் வைக்க வேண்டும்.

5. வெற்றுத் தாளிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்து கிடையாது. எது வாங்கினாலும் நகல் நம்மிடம் இருக்க வேண்டும். வந்த பொருளின் எண்ணிக்கையை அன்றைக்கே தீர்மான நோட்டில் எழுத வேண்டும்.

6. ஒரு நிதியின் பணத்தை இன்னொன்றில் கலக்கக் கூடாது. எதற்கு வாங்கினோமோ அதற்குத்தான் செலவு. மீதம் இருந்தால் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். பயன்பாட்டுச் சான்றிதழைக் கேட்பதற்கு முன் நாமே அனுப்பினால், அடுத்த முறை கதவு தானாகத் திறக்கும்.

7. கணக்கை எல்லோரும் கேட்கிற மாதிரி வாசிக்க வேண்டும். சுவரில் ஒட்டலாம், கிராம சபையில் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்கும் புரிகிற மாதிரி வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, இருப்பது எவ்வளவு என்று மூன்றே வரியில் சொன்னால் போதும்.

எட்டாவதாக ஒன்று இருக்கிறது. அது நம்ம ஊருக்கு மட்டும் உரிய கஷ்டம். நாம் தூசுக்கும் சாம்பலுக்கும் மனு கொடுக்கிற இடமும், நிதி கேட்கிற இடமும் சில நேரம் ஒன்றாகவே இருக்கும். "அவங்ககிட்ட காசு வாங்கிட்டு அவங்களையே எப்படிக் கேக்கிறது?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நல்ல கேள்வி. வாங்கவே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. வாங்குவது என்று முடிவானால், அந்தத் தீர்மானத்திலேயே ஒரு வரி சேர்க்கலாம் என்பது என் கருத்து: இந்த நிதியை ஏற்பதால் உறுப்பினர்கள் கிராம சபையில் பேசுவதற்கும் மனு கொடுப்பதற்கும் உள்ள உரிமைக்கு எந்தத் தடையும் இல்லை. அந்த வரியை ஏற்காத இடத்திலிருந்து வரும் பணம் நமக்கு வேண்டியது இல்லை. சட்டப்படி ஊருக்குச் சேர வேண்டிய 2 சதவீதத்துக்கு நம் வாய் விலை ஆகக் கூடாது.

வேண்டாம் என்று சொல்லத் தைரியம் எங்கிருந்து வரும்? நம்ம சேமிப்பிலிருந்துதான் வரும். ஒவ்வொரு கூட்டத்திலும் நாம் போடுகிற அந்தச் சின்னத் தொகை இருக்கிற வரைக்கும், எந்த நிதி வந்தாலும் வராவிட்டாலும் குழு நடக்கும். ரொட்டி கொடுத்துப் பார்த்த ரைஃபைசன் கடைசியில் வந்து சேர்ந்த இடமும் இதுதான். பத்து ரூபாய் பங்கு போட்ட அகமதாபாத் பெண்களும், பெரிய சங்கத்தை விட்டு வெளியே வந்து வட்டமாக உட்கார்ந்த கர்நாடகத்துக் கிராமத்தாரும் இங்கிருந்துதான் ஆரம்பித்தார்கள். வெளிப்பணம் அதற்கு மேல் வந்து சேர்ந்தது.

ஆகவே சகோதரிகளே, இந்த மலரைப் படித்து முடித்ததும் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்கள் குழுவின் தீர்மான நோட்டை எடுங்கள். கடைசி மூன்று கூட்டத்துக் கையெழுத்தும் கூட்டம் நடந்த அன்றைக்கே போட்டதா, பிறகு வீடு வீடாக வாங்கியதா என்று பாருங்கள். பிறகு வாங்கியது என்றால் யாரையும் திட்ட வேண்டாம். அடுத்த கூட்டத்திலிருந்து அங்கேயே உட்கார்ந்து, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அப்புறம் போடுவோம். நிதிக்கு மனு எழுதுகிற வேலையில் முதல் படி அதுதான்.